இருபத்தோராவது பெட்டி

ஆவாரங்குடிக்காட்டில் துக்கம் என்று ஒன்று இருந்த கடைசி வருஷம், ஆவணி மாசம், அழகுதுரையின் ஒன்றரை ஏக்கர் கரிசல் கொல்லையைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் வலை கட்டி, மூலைக்கு ஒரு மஞ்சள் பலகை நட்டு, உள்ளே ஒரு மக்காச்சோளத்தை விதைத்தார்கள். அந்தச் சோளத்துக்குள் ஒரு காலிப் பெட்டி இருந்தது.

பெட்டி என்று சொன்னது நானில்லை, கம்பெனியின் ஃபீல்டு ஆபீசர் தீனதயாளன். நல்ல பையன்தான், வாய் ஓயாது. ஊரைக் களத்தில் கூட்டி வைத்துக்கொண்டு பாடம் நடத்தினான்.

"அய்யா, அம்மா, கேட்டுக்குங்க. மக்காச்சோளத்தோட ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் இருபது பெட்டி இருக்கு, பத்து ஜோடி. குரோமோசோம்னு பேரு. அப்பன் ஆத்தா குணமெல்லாம் அதுலதான் அடுக்கி வெச்சிருக்கும். இதுவரைக்கும் புதுசா ஒரு குணம் வேணும்னா அந்தப் பழைய பெட்டிக்குள்ளயே திணிச்சுப் பாத்தோம், எங்க போய் ஒட்டும்னு சொல்ல முடியாது. இப்ப பழசைத் தொடாம நாங்களே தனியா ஒரு சின்னப் பெட்டி செஞ்சு உள்ள வெச்சுட்டோம். செயற்கைக் குரோமோசோம். இருபத்தோராவது பெட்டி. வறட்சி தாங்குறது, புழு தாங்குறது, எது வேணும்னாலும் அதுல அடுக்கிக்கலாம். இந்த வருஷம் மட்டும் அது காலி."

"காலிப் பெட்டிய எதுக்குய்யா நடணும்?" என்று தலையாரி கொளஞ்சி கேட்டார்.

"நிக்குதான்னு பாக்கத்தான். மத்ததெல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு, இதுக்கு மட்டும் ஜோடி கெடையாது, ஒத்தை. அதனால விதைக்கு விதை போகுமா, பாதியில தவறிப் போயிருமான்னு தெரியணும். நின்னுடுச்சுன்னா அடுத்த வருஷம் நல்ல குணமாப் பாத்து நாங்களே நெரப்பிருவோம்."

அடுத்த வருஷமாம்! வீட்டில் ஒரு டப்பா காலியாகக் கிடந்தால் சாயங்காலத்துக்குள் அதில் மிளகாய் வற்றலையோ புளியையோ போட்டு மூடுகிற ஊர் அது. அங்கே கொண்டுவந்து ஒரு பெட்டியைக் காலியாக வைத்துவிட்டு அடுத்த வருஷம் வரை காத்திருக்கச் சொன்னால் நடக்கிற காரியமா?

முதலில் வைத்தது அமிர்தவள்ளி. களை வெட்ட வந்தவள். லாரி மோதிப் புருஷன் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. கால் மரத்துப்போய் இடுப்பளவு நின்ற செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், என்ன தோன்றியதோ, "சோத்த மூடி வையி, வந்துர்றேன்னுட்டுப் போச்சே அந்த மனுசன்" என்று செடியிடம் சொன்னாள், சொல்லச் சொல்ல ஏழு வருஷத்தையும் சொல்லி முடித்தாள், முடித்து எழுந்தபோது நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைக் காணவில்லை. எங்கேயோ தவறவிட்டவள் போல மடியை உதறிப் பார்த்தாள், தூக்குவாளியைத் திறந்துகூடப் பார்த்தாள். அன்றைக்கு உச்சி வெயிலில், சுற்றிலும் இலையெல்லாம் சுருண்டு நிற்க, அந்த ஒரு செடியின் இலை நுனியில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

"பெட்டி காலின்னு அந்தத் தம்பி சொல்லுச்சுல்ல, நான் வெச்சுட்டேன்" என்று மறுநாள் குழாயடியில் அவள் சொன்னபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. எந்த வரிசை, தண்டைப் பிடித்துச் சொல்லணுமா வேரைத் தொட்டுச் சொல்லணுமா, வாய்விட்டுச் சொல்லணுமா மனசுக்குள் சொன்னால் போதுமா, இதைத்தான் கேட்டார்கள். பத்து நாளில் சட்டதிட்டம் எல்லாம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு செடி. செத்தவருடைய பழந்துணியில் ஒரு கீற்றுக் கிழித்துத் தண்டில் கட்டிவிட வேண்டும், பிறத்தியார் போய் அதிலேயே வைத்துவிடக் கூடாது. மேலத்தெருவுக்குக் காலை, கீழத்தெருவுக்கு மத்தியானம் என்று ஆரம்பித்து, மத்தியான வெயில் என்ன எங்களுக்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறதா என்று சண்டையாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக்கொண்டார்கள். பூசாரி இது குலதெய்வத்துக்கு ஆகாது என்று மூன்று நாள் கத்திக்கொண்டிருந்தார், நாலாம் நாள் கிணற்றில் போன தம்பியின் வேட்டிக் கிழிசலோடு வரிசையில் நின்றார். வெளியூர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். தீனதயாளன் வந்து பார்த்துவிட்டு, செடிக்குச் செடி அடையாளத் துணி கட்டியிருக்கீங்களே, படிச்சவங்களுக்குக்கூட இந்தப் பொறுப்பு வராது என்று மெச்சினான்.

ஒருவரையும் திருப்பி அனுப்பாமல் வழிவிட்டு நின்றான் அழகுதுரை. கொல்லைக்காரன் அல்லவா! நீ வைக்கலையா என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எனக்கென்ன அவசரம், எல்லாரும் ஆகட்டும், கடைசியா வெச்சுக்கிறேன்" என்றான்.

அவனுக்கும் அவன் பெண்டாட்டி தைலம்மைக்கும் வைப்பதற்கு ஒன்று இருந்தது. சுகந்தி. ஒரே பிள்ளை. பதினாறு வயசு. இரண்டு வருஷத்துக்கு முன் படைப்புழு ஊரைத் தின்றபோது, சோளக் குருத்துக்குள் மருந்து ஊற்றும் வேலைக்குத் தைலம்மை போக வேண்டிய நாளில் அவளுக்குக் காய்ச்சல், "இன்னிக்கு ஒருநா நீ போ சாமி" என்று மகளை அனுப்பினாள். மூடிக்கணக்கில் மருந்தை அளந்து கலந்து கொடுத்தது அழகுதுரை. மத்தியானம் தலை சுத்துதுப்பா என்று வந்து படுத்த பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு தின்றார்கள். நீ அனுப்பினாய் என்று அவன் சொன்னதில்லை, நீ கலந்தாய் என்று அவளும் சொன்னதில்லை.

தைலம்மையைப் பற்றி இன்னொன்று சொல்லிவிட வேண்டும். அந்த வட்டாரத்திலேயே கொண்டை பிடுங்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. விதைச்சோளம் போடுகிற கொல்லைகளில் நாலு வரி பொம்பளைச் சோளமும் ரெண்டு வரி ஆம்பளைச் சோளமும் நிற்கும். பொம்பளை வரிசையில் உச்சிக்கொண்டை, அதாவது ஆம்பளைப் பூ, விரிந்து மகரந்தத் தூள் விழுவதற்குள் அதைப் பிடுங்கிவிட வேண்டும், கண் தப்பி ஒன்றே ஒன்று நின்றுபோனாலும் சோதிக்க வருகிறவன் கொல்லையையே கழித்துவிட்டுப் போய்விடுவான். இருபது வருஷமாக விடிந்தும் விடியாமலும் அந்த வரிசைகளில் நடந்த கை அவளுடையது. கண் பார்ப்பதற்குள் கை பிடுங்கிவிடும். கம்பெனிக் கொல்லையில் கொண்டையைத் தொடவே கூடாது என்று உத்தரவு. அதனால் கொண்டை வந்த நாட்களில் அவள் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள். "கை நமநமங்குதுங்க" என்பாள்.

புரட்டாசியில் ஒருநாள் அவள் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழகுதுரையால் பார்க்க முடியவில்லை.

"நீயும் போயி வெச்சுட்டு வா புள்ள."

"வெச்சுட்டா அவ எங்க போவா?"

"எங்க போயிருவா? நம்ம கொல்லையிலதான இருப்பா."

சுகந்தியின் பள்ளிக்கூடத் தாவணியில், அந்த நீலத் தாவணியில், ஒரு கீற்றைக் கிழித்துக்கொண்டு போனாள். தெற்கோர வரிசையில் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். வரும்போது வழியில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றாள். "ரசம் நல்லாருக்குல்ல?" என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவன் எழுந்து வெளியே போய், சந்தோஷத்தில் அழுதான், மடையன்.

கதிரில் பால் பிடித்த சமயத்தில் தலையாரி கொளஞ்சி ஒரு தப்புக் காரியம் செய்தார். வாய் சும்மா இருக்காமல் வரப்போரத்துக் கதிர் ஒன்றை ஒடித்துச் சுட்டுத் தின்றுவிட்டார். அது அமிர்தவள்ளியின் செடி. தின்ற வாயோடு அந்த அறுபது வயசு மனுசர் தெருவில் விழுந்து, "மாமா, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே மாமா" என்று அமிர்தவள்ளியின் புருஷனுக்காக மூன்று நாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் பெண்டாட்டி வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள். அமிர்தவள்ளியும் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள், யாருங்க அந்த மாமா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அழகுதுரையும் சிரித்தான், அந்தக் கேள்வி அவன் காதில் விழுந்தும் மனசில் விழவில்லை. கொஞ்ச நாள் கழித்து, கதிர் முற்றிக் காய்ந்த பிறகு, வீம்புக்கு இன்னொன்றைத் தின்று பார்த்த கொளஞ்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் கதிரில்தான் அது இருக்கும், காய்ந்தால் உறங்கிப்போய்விடும் என்று ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஐப்பசியில் பெரிய வீட்டு மருதமுத்து செத்துப்போனார். நாலு மகன்கள், மூன்று மகள்கள். சேதி கேட்டதும் ஏழு பேரும் நேராகக் கொல்லைக்குப் போய் வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்கள். பறை அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு பொம்பளையும் வாயைத் திறக்கவில்லை. மாரடிக்கக் கூடி உட்கார்ந்தவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், என்ன பாடுவது என்று யாருக்கும் நினைவில்லை, பிறகு ஒருத்தி பஸ் இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை என்று ஆரம்பித்தாள், பேச்சு சுவாரசியமாகப் போயிற்று. அந்தக் கிழவரைத் தூக்கியபோது பின்னால் அழுதுகொண்டு போனது அழகுதுரை ஒருவன்தான். அவருக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. ஊர் அவனை ஒரு மாதிரி பார்த்தது.

"நீயும் வெச்சுத் தொலைக்கக் கூடாதாப்பா? உன் மூஞ்சியப் பாத்தாலே கஷ்டமா இருக்கு" என்றார் பூசாரி.

கார்த்திகையில் சுகந்தி போன நாள் வந்தது. அழகுதுரை விடியலிலேயே குளித்துவிட்டு, அவளுக்குப் பிடித்த கொழுக்கட்டைக்கு மாவு இடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தான். தைலம்மை மாவைப் பார்த்தாள்.

"என்னாங்க விசேசம்?"

"இன்னிக்கு நாள் புள்ள."

"என்ன நாளு?"

"சுகந்தி நாள்."

"யாரு சுகந்தி?"

கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு பரணில் இருந்த பள்ளிக்கூடப் பையை இறக்கிக் காட்டினான், நீலத் தாவணியைக் காட்டினான், ரப்பர் வளையலைக் காட்டினான். பாத்திரக் கடையில் பார்க்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நல்ல பைங்க, யாரு வெச்சுட்டுப் போனாங்க, கேக்குறவங்களுக்குக் குடுத்துருங்க என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். முதலில் பாரம் போயிருக்கிறது, பாரத்தோடு முகம் போயிருக்கிறது, கடைசியில் பேரும் போய்விட்டது. பாரத்தை மட்டும் தனியாக உரித்தெடுக்கலாம் என்று எண்ணிய தன் புத்தியை அழகுதுரை அன்றைக்கு முழுக்கத் திட்டித் தீர்த்தான். அவள் பிள்ளையை மறந்ததுகூட அவனுக்குப் பெரிதில்லை. அந்தப் பிள்ளை சிரிக்கும்போது மூக்கைச் சுருக்கும் என்பது உலகத்தில் இனித் தன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும், தான் செத்தால் அதுவும் போயிற்று, அதுதான் அவனைக் கொன்றது.

கொல்லைக்கு ஓடினான். வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் டீசல் கேனோடு நின்றார்கள். சோதனை முடிந்தால் ஒரு மணி மிச்சமில்லாமல் கொளுத்திவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். ஊரும் வந்திருந்தது, பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துத் தீயைக் காட்டிக்கொண்டிருந்தது. அழகுதுரை தெற்கோரம் போய் நீலக் கீற்று கட்டிய செடியின் கதிரை ஒடித்து மடியில் செருகிக்கொண்டான். காய்ந்த கதிர். பிறகு தன் கொல்லை எரிவதைப் பார்த்தான், அத்தனை வீட்டுச் செத்தவர்களும் கொத்துக் கொத்தாகக் கருகி விழுவதைப் பார்த்தான். நம்ம கொல்லையிலதான இருப்பா என்று தான் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. தான் கடைசியாக வைத்துக்கொள்ள இனி ஒரு செடியும் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"சார், பெட்டி விதைக்குள்ள இருக்குமா?" என்று தீனதயாளனைக் கேட்டான்.

"இருக்கும்ணே, ஆனா எல்லாத்துலயும் இருக்காது. ஒத்தைப் பெட்டி பாருங்க, பாதிக்கு மேல தவறிப் போயிருது. அதான் கம்பெனி இதைக் கைவிட்டுருச்சு."

பாதி மணியை இடித்துக் களி கிண்டி அவளுக்குக் கொடுத்துப் பார்த்தான். காய்ந்ததில் ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. அவள் தின்றுவிட்டு உப்புப் போதலை என்றாள். மிச்சத்தில் பூச்சி அரித்ததுபோகப் பொறுக்கி எடுத்த பத்தொன்பது மணிகளை மாசியில் கொல்லைப்புறத்தில், கம்பெனி கண்ணுக்குப் படாத மூலையில், ஊன்றினான். ஊரில் ஒரு வயலிலும் சோளம் இல்லாத காலம். குடத்தில் சுமந்து ஊற்றினான், ஆட்டுக்கு எட்டாமல் முள் வைத்தான். பதினொன்று முளைத்தன. இடுப்பளவு வந்ததும் தினமும் உச்சி வெயிலில் போய் இலை இலையாகத் தடவிப் பார்த்தான். பங்குனி கடைசியில் ஒருநாள், சுவரோரம் நின்ற ஒரே ஒரு செடியின் இலை நுனியில் அவன் விரல் நனைந்தது. பதினொன்றில் ஒன்று. அந்தத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சாமி" என்று கூப்பிட்டான். செடி சும்மா நின்றது, தண்ணீர் மட்டும் வடிந்தது.

கதிர் வைத்துப் பால் பிடிக்கட்டும், அந்தக் கதிரைச் சுட்டு அவளுக்குக் கொடுக்க வேண்டும், அவள் தெருவில் விழுந்து அழ வேண்டும், ஏண்டா கலந்தாய் என்று தன்னை அடிக்க வேண்டும், இரண்டு வருஷமாக வாங்காத அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். இதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை. "இந்தச் செடிங்க கொண்டையத் தொட்டுராத புள்ள" என்று தினம் சொன்னான். சரிங்க என்றாள். ஏன் என்று அவன் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சித்திரையில் கொண்டை தலைகாட்டியது. தின்றதும் நினைவு வரும்போது பார்ப்பதற்கு ஒரு முகம் வேண்டுமே என்று, சுகந்தியின் பள்ளிக்கூட அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்க அன்றைக்குப் பெரம்பலூர் போனான். சாயங்காலம் படத்தைத் துண்டில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டு வந்தவனை வாசலிலேயே மறித்தாள் தைலம்மை. முகமெல்லாம் சிரிப்பு.

"நான் பாக்கலைன்னா நம்ம கொல்லை கழிஞ்சுல்ல போயிருக்கும்? எல்லாம் விரியப் பாத்துச்சு. தொடாதன்னீங்க, நெனப்பு இருந்துச்சு, கைதான் கேக்கல. பதினொன்னும் பிடுங்கிட்டேன், ஒன்னு விடல."

"பிடுங்குனதை எங்க போட்ட?"

"ஆட்டுக்குத்தான்."

ஆட்டின் வாயிலிருந்து பாதி மென்ற கொண்டையை இழுத்துக்கொண்டு ஓடினான். கதிரில் அன்றைக்குத்தான் பட்டு நூல் மாதிரி மயிர் வெளியே வந்திருந்தது. அதன்மேல் வைத்து உதறினான், தேய்த்தான், ஊதினான். விரியாத பூ. தூள் பட்டால்தான் மணி பிடிக்கும், ஒரு துளித் தூள் இல்லை. மறுநாளிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஊர் ஊராக அலைந்தான். எங்கேயாவது ஒரு சோளம் பூத்திருக்கிறதா, ஒரு கொண்டை, ஒரே ஒரு கொண்டை? வெயிலில் வெடித்த கரிசல்தான் கிடந்தது. எட்டாம் நாள் கதிர் மயிர் காய்ந்து கருத்தது.

இருந்தும் இருபது நாள் பொறுத்தான். பிறகு ஒரு சாயங்காலம் கதிரை ஒடித்து மட்டையை ஒவ்வொன்றாக உரித்தான். உள்ளே வெள்ளைத் தக்கை, பல் முளைக்காத பிள்ளையின் ஈறு போல. ஒரு மணி இல்லை. அதையும் அவன் கடித்து மென்று பார்த்தான், இனிப்பாகத் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். கதிர் ஒடித்த செடி மறுநாளே காய்ந்துவிட்டது.

சட்டம் போட்ட படத்தை என்ன செய்வது? சுவரில் மாட்டினான். விளக்கு வைக்க வந்த தைலம்மை நின்று பார்த்தாள்.

"யாருங்க இந்தப் புள்ள? நல்ல களையா இருக்கு."

"தெரிஞ்சவங்க வீட்டுப் புள்ள."

"என்ன ஆச்சு அதுக்கு?"

அவன் கீழே உட்கார்ந்தான், அவளும் எதிரில் உட்கார்ந்தாள். ஊரார் கதை சொல்வது போலச் சொன்னான். ஒரு ஊரில் ஒரு பிள்ளை இருந்ததையும், அது சிரிக்கும்போது மூக்கைச் சுருக்கியதையும், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் அது குருத்துக்கு மருந்து ஊற்றப் போனதையும், மருந்தைக் கலந்து கொடுத்தது அதைப் பெற்ற அப்பனே என்பதையும் ஒன்று விடாமல் சொன்னான். தைலம்மை கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நாக்கால் உச்சுக் கொட்டினாள்.

"அய்யோ பாவமே" என்றாள். "பெத்தவ எப்படித்தாங்க இதைத் தாங்குறாளோ!"